கோல்ஃப் ஜிபிஎஸ் தவறான தூரம் காட்டுகிறதா? அறிகுறியை வைத்துப் பிழை கண்டுபிடிக்கும் வழி

முதல் டீயில், அதாவது ஆட்டத்தின் முதல் பந்தை அடிக்கும் இடத்தில், கையுறையை மாட்டிக்கொண்டிருக்கும்போதே யாராவது ஒருவர் மணிக்கட்டை என் மூக்கருகே நீட்டுவார். "இது பொய் சொல்கிறது, கொஞ்சம் பாருங்கள்." எங்கள் குழுவில் இந்த வேலை எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டது. வாட்ச், கையடக்கக் கருவி, போன் செயலி என்று இதுவரை என்னிடம் வந்தவற்றில் பெரும்பாலானவை பழுதானவையே அல்ல. எங்கேயோ ஓர் அமைப்பு மாறியிருக்கும், வரைபடம் பழையதாக இருக்கும், இல்லாவிட்டால் ஆள் மரத்தடியில் நின்றுகொண்டு எண்ணைப் படித்திருப்பார். சர்வீஸ் மையம் வரை போனவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

## எதையும் தொடும் முன் ஒரு சோதனை

பல மைதானங்களில் ஃபேர்வேயில் (டீக்கும் கிரீனுக்கும் இடையிலுள்ள வெட்டிய புல்வெளி) உள்ள ஸ்பிரிங்க்ளர் மூடிகளின் மேல் கிரீனுக்கு (குழியும் கொடியும் உள்ள புல்தரை) உள்ள தூரம் பொறிக்கப்பட்டிருக்கும். அப்படி ஒரு மூடியின் மேல் காலை வைத்து நில்லுங்கள். அரை நிமிடம் அசையாமல் இருந்துவிட்டு, கருவி காட்டும் 'கிரீன் நடு' எண்ணை ஸ்கோர் அட்டையின் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்தில் மூடியின் எண். இதையே வெவ்வேறு திசையில் ஓடும் மூன்று ஹோல்களில் (ஒரு டீயிலிருந்து அதன் கிரீன்வரை ஒரு ஹோல்) செய்யுங்கள். மூடி இல்லாத மைதானத்தில் கிரீனுக்கு 150 யார்டு என்று காட்டும் கம்பம் போதும்.

நான்கைந்து யார்டு வித்தியாசம் என்றால் மேலே படிக்கத் தேவையில்லை. கருவி நன்றாக இருக்கிறது. அதற்கு மேல் போனால் அட்டையில் எழுதியதைப் பாருங்கள்.

- மூன்றிலும் ஒரே பக்கமாகக் கூடியோ குறைந்தோ இருந்தால்: அறிகுறி 1
- இரண்டு சரி, ஒன்று மட்டும் தவறு என்றால்: அறிகுறி 2
- நின்ற இடத்திலேயே எண் ஏறி இறங்கினால்: அறிகுறி 3
- எண்ணே வரவில்லை என்றால்: அறிகுறி 4

இந்தச் சோதனையைச் செய்யாமல் நேரே 'ரீசெட்' பொத்தானை அழுத்துகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். சேமித்த ஸ்கோர்கள் எல்லாம் போய்விடும், பிழை மட்டும் போகாது.

## அறிகுறி 1: எல்லா ஹோலிலும் ஒரே போக்கில் தவறு

இங்கே பார்க்க வேண்டியது வித்தியாசத்தின் அளவு அல்ல, அது எப்படி மாறுகிறது என்பது.

### தூரம் கூடக்கூட வித்தியாசமும் கூடுகிறதா?

மூடியில் 100, கருவியில் 91. மூடியில் 150, கருவியில் 137. மூடியில் 200, கருவியில் 183. இப்படி இருந்தால் கருவி மீட்டரில் பேசுகிறது, நீங்கள் யார்டில் கேட்கிறீர்கள். ஒரு யார்டு 0.9144 மீட்டர். அமைப்புகளில் 'அலகு' என்ற இடத்தில் மாற்றினால் முடிந்தது. திரையில் எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் அலகு இருக்கும். வெயிலில் அதை யாரும் படிப்பதில்லை.

நண்பர் ஒருவர் வாட்சின் மொழியை மாற்றியபோது அலகும் கூடவே மாறியிருக்கிறது. அது தெரியாமல் காலை முழுவதும் பந்து கிரீனுக்கு முன்னால் இருந்த மணல் பங்கரிலேயே விழுந்தது. ஸ்விங்கைக் குறை சொல்லிக்கொண்டு, ஒன்பது ஹோல் முடிவதற்குள் பிடியை இரண்டு முறை மாற்றிவிட்டார். பத்தாவது டீயில் நான் அலகை மாற்றிக் கொடுத்தேன். பிடியைப் பழையபடி கொண்டுவர அவருக்கு இரண்டு வாரம் ஆனது.

### எவ்வளவு தூரத்திலிருந்தும் ஏறக்குறைய அதே வித்தியாசமா?

100க்கு 86, 150க்கு 135, 200க்கு 185 என்று வந்தால் நீங்கள் கிரீனின் முன் விளிம்பைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். கூடுதலாக வந்தால் பின் விளிம்பு. முன், நடு, பின் ஆகிய மூன்று எண்களும் ஒரே திரையில் இருக்கும் கருவிகளில் நடுவிலுள்ள பெரிய எண்தான் நடு என்று நினைத்துக்கொள்வோம். சில கருவிகளில் பெரிதாகக் காட்ட வேண்டியது எது என்பதை நாமே தேர்ந்தெடுக்கலாம், அதைக் கை தவறியும் மாற்றிவிடலாம்.

மாறாக, மூடியே முன் விளிம்புக்கான தூரத்தைச் சொல்வதாகவும் இருக்கலாம். நடுவுக்கு அளப்பதுதான் பரவலான வழக்கம், ஆனால் அது எங்கும் சட்டம் அல்ல. மைதானத்தின் கடையிலோ, முதல் டீயில் ஆட்டக்காரர்களை அனுப்பிவைக்கும் ஸ்டார்ட்டரிடமோ ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும்.

### மேட்டில் கூடுகிறது, பள்ளத்தில் குறைகிறதா?

உயர வேற்றுமையைக் கணக்கில் சேர்த்துச் சொல்லும் வசதி விழித்திருக்கிறது. கருவிக்குக் கருவி இதன் பெயர் வேறு. திரையின் மூலையில் ஒரு சிறு முக்கோணமோ அம்போ இருந்தால் சந்தேகப்படுங்கள். பயிற்சி ஆட்டத்தில் வைத்துக்கொள்வது உங்கள் விருப்பம். போட்டியில் இது வெறும் குழப்பத்தோடு நிற்காது. 2019 முதல் நடப்பிலுள்ள கோல்ஃப் விதி 4.3, தூரத்தை அளக்க அனுமதித்துவிட்டு, உயர வேற்றுமையை அளப்பதைத் தடுக்கிறது. ஸ்ட்ரோக் ஆட்டத்தில் (மொத்த அடிகளை எண்ணும் ஆட்டம்) முதல் முறைக்கு இரண்டு ஸ்ட்ரோக் தண்டனை, இரண்டாம் முறைக்குத் தகுதி நீக்கம். பந்து கிடக்கும் இடத்தை வைத்து "இந்த மட்டையை எடு" என்று சொல்லும் வசதியும் அதே கணக்கில்தான் வருகிறது. டீக்குப் போகும் முன் இரண்டையும் அணைத்துவிடுங்கள்.

இடையில் ஒன்று: டீயின் நிறத்தைத் தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டேன், அதனால்தான் தூரம் தவறு என்று பலர் நினைக்கிறார்கள். அது ஹோலின் மொத்த நீளத்தையும் ஸ்கோர் கணக்கையும் பாதிக்கும். நிற்கும் இடத்திலிருந்து கிரீனுக்கு உள்ள தூரத்தை அது தொடாது.

### இவை மூன்றும் இல்லையென்றால்

இன்னொருவரின் கருவியைப் பக்கத்தில் வைத்து அதே மூடியில் மீண்டும் பாருங்கள். அதுவும் உங்களுடையதைப் போலவே காட்டினால் மூடியின் எண்தான் பழையது. கிரீனைத் திருத்திக் கட்டிய பிறகு மூடியை மாற்றாமல் விட்டிருப்பார்கள். உங்களுடையது மட்டும் தனித்து நின்றால் மென்பொருளைப் புதுப்பித்து, அதன் பிறகு ரீசெட். அதற்கும் அசையாவிட்டால் சர்வீஸ். இந்தக் கடைசிக் கட்டத்தை நான் ஒரே ஒரு முறைதான் தொட்டிருக்கிறேன்.

## அறிகுறி 2: ஒரு ஹோலில் மட்டும் தவறு

### கருவி வேறு ஹோலில் நிற்கிறதா?

முதலில் திரையில் உள்ள ஹோல் எண்ணைப் பாருங்கள். அடுத்த ஹோலுக்குத் தானாக நகரும் வசதி, ஒரு கிரீனிலிருந்து அடுத்த டீக்கு நடந்து போனோம் என்பதை வைத்துத்தான் முடிவெடுக்கிறது. கிரீனும் டீயும் நெருங்கியிருந்தால், குறுக்கு வழியில் நடந்தால், பக்கத்து ஹோலின் ஃபேர்வேயில் பந்தைத் தேடிப் போனால் அது ஏமாந்துபோகும். எல்லோரும் வெவ்வேறு ஹோலில் தொடங்கும் ஷாட்கன் போட்டிகளில் கையால் மாற்றித்தான் ஆக வேண்டும்.

ஒன்பது ஹோல் கொண்ட மூன்று சுற்றுகள் உள்ள 27 ஹோல் மைதானம் என்றால் எந்த இரண்டு சுற்றுகள் என்பதையும் பாருங்கள். ஹோல் எண் சரி, சுற்று தவறு என்ற நிலை கண்ணில் படவே படாது.

செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸில் ஏழு கிரீன்களை இரண்டிரண்டு ஹோல்கள் பகிர்ந்துகொள்கின்றன. ஜப்பானில் பல மைதானங்களில் ஒரே ஹோலுக்கு இரண்டு கிரீன்கள் உண்டு. அன்று எதில் கொடி இருக்கிறதோ அதைக் கருவியில் நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இப்படிப்பட்ட இடங்களில் தூரம் தவறுகிறது என்று புகார் சொல்லும் முன் கொடியைப் பாருங்கள்.

### கொடி நடுவில் இல்லையா?

கருவிக்குக் கொடி எங்கே என்று தெரியாது. கிரீன் எங்கே என்பது மட்டும்தான் தெரியும். 34 யார்டு ஆழமுள்ள கிரீனில் கொடி முன் விளிம்பிலிருந்து ஐந்து யார்டில் இருந்தால், 'நடு' என்ற எண் கொடியைவிட 12 யார்டு கூடுதல். ஏறக்குறைய ஒரு மட்டை வித்தியாசம். இது பிழை அல்ல. அன்றைய கொடி இடம் குறித்த தாளை வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது திரையில் கொடியை விரலால் நகர்த்தும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள்.

### வரைபடம் பழையதா?

கிரீனை இடம் மாற்றியிருக்கலாம், பெரிதாக்கியிருக்கலாம், பராமரிப்புக்காகத் தற்காலிக கிரீன் போட்டிருக்கலாம். சோதிப்பது எளிது: புட்டிங் முடிந்ததும் கிரீனின் நடுவில் நின்று எண்ணைப் பாருங்கள். பூச்சியத்தை ஒட்டி, நான்கைந்துக்குள் இருக்க வேண்டும். அங்கே நின்றும் 15, 20 என்று காட்டினால் கருவியின் மனத்தில் உள்ள கிரீன் வேறு எங்கோ இருக்கிறது. பின்னால் வரும் குழு காத்திருந்தால் இதைச் செய்யாதீர்கள். கையை இடுப்பில் வைத்துக்கொண்டு முறைப்பார்கள்.

கருவியை வீட்டில் வைஃபையிலோ கணினியிலோ இணைத்து, அந்த மைதானத்தின் வரைபடத்தை அழித்துவிட்டு மீண்டும் பதிவிறக்குங்கள். 'புதுப்பி' என்பதை மட்டும் அழுத்தினால் சில சமயம் பழையதே தங்கிவிடுகிறது. புதிய வரைபடத்திலும் பிழை இருந்தால் அதைத் திருத்தக்கூடியவர்கள் வரைபடம் தயாரிக்கும் நிறுவனத்தார்தான். மைதானத்தின் பெயர், ஹோல் எண், கிரீன் நடுவில் நின்றபோது காட்டிய எண், ஒரு படம், இவ்வளவும் இருந்தால் போதும். சர்வீஸ் மையத்துக்குப் போகாதீர்கள். அவர்கள் கருவியைத் திறந்து பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் கூலி வாங்கிக்கொள்வார்கள்.

## அறிகுறி 3: நின்ற இடத்திலேயே எண் தாவுகிறது

திறந்தவெளியில் நல்ல போன்கூட ஐந்து மீட்டர் அளவுக்குத் தவறலாம். ஆகவே 148, 150, 147 என்று நடுங்குவதைப் பொருட்படுத்தாதீர்கள். 150, 163, 141 என்று தாவினால் கீழே உள்ள வரிசையில் போங்கள்.

இப்போதுதான் ஆன் செய்தீர்களா? டீயில் நின்று ஆன் செய்து உடனே எண்ணைப் படிப்பதுதான் நான் பார்க்கும் முதன்மையான காரணம். வண்டியிலிருந்து பையை இறக்கும்போதே திறந்த வானத்தின் கீழ் ஆன் செய்துவிடுங்கள். முதல் ஹோலில் தடுமாறி மூன்றாவதில் சரியாகிவிடும் கருவியில் வேறு எதையும் தேட வேண்டாம்.

எங்கே வைத்திருக்கிறீர்கள்? கால்சட்டைப் பையில், கோல்ஃப் பையின் உள்ளறையில், கோல்ஃப் வண்டியின் கூரையடியில் இருக்கும் கருவி வானத்தின் ஒரு பகுதியைத்தான் பார்க்கிறது. கையில் எடுத்து, திரை மேலே பார்க்க, ஐந்து நொடி. வாட்ச் என்றால் கையைத் தொங்கவிட்ட நிலையில் படிக்காதீர்கள்.

மரத்தடியா, கட்டடத்தை ஒட்டியா? அடர்ந்த கிளைகளும் சுவர்களும் சிக்னலைத் தடுக்கும், திருப்பியும் அடிக்கும். மழை நனைத்த இலைகள் இன்னும் மோசம். பத்தடி வெளியே வந்து எண்ணைப் படித்து, பந்துக்குத் திரும்பிப்போகும் தூரத்தை மனத்தில் கூட்டியோ கழித்தோ கொள்ளுங்கள். மரங்களுக்கு நடுவே பந்து கிடந்தால் எப்படியும் ஃபேர்வேக்குப் பக்கவாட்டில்தான் அடிக்கப் போகிறீர்கள், துல்லியம் எதற்கு?

வண்டி ஓடும்போதா? நிறுத்தி, இறங்கி, சற்றுப் பொறுத்துப் படியுங்கள். சில கருவிகளின் எண் ஓட்டத்துக்குப் பின்தங்கியே வரும்.

மின்சாரச் சிக்கனம் ஆன் ஆகியிருக்கிறதா? சிக்கன நிலையில் கருவி இருப்பிடத்தை அடிக்கடி பார்ப்பதில்லை. அதை அணையுங்கள். அமைப்புகளில் ஜிபிஎஸ்ஸுடன் குளோனாஸ், கலிலியோ என்ற மற்ற செயற்கைக்கோள் அமைப்புகளையும் சேர்க்க வழி இருந்தால் சேருங்கள். மரங்கள் நிறைந்த மைதானத்தில் வித்தியாசம் தெரியும். பேட்டரி சற்று வேகமாகக் கரையும்.

போன் செயலியா? அப்படியானால் இருப்பிட அனுமதியைத் திறந்து பாருங்கள். ஐஓஎஸ் 14 முதலும் ஆண்ட்ராய்டு 12 முதலும் செயலிக்குத் துல்லியமான இருப்பிடத்தைக் கொடுக்கலாம், தோராயமாக மட்டும் கொடுத்தும் நிறுத்தலாம். தோராயம் என்றால் ஊர்ப்பகுதி அளவுக்குத் தோராயம். செயலியை நிறுவும்போது அவசரத்தில் அதைத் தொட்டுவிட்டு, கிரீனுக்கு 900 யார்டு என்று பார்த்துத் திகைத்தவர் ஒருவர் எங்கள் குழுவில் இருக்கிறார்.

கீழே விழுந்ததா, நனைந்ததா? சர்வீஸுக்குக் கொடுக்க வேண்டிய நிலை இங்கேதான் வருகிறது. நல்ல கருவி ஒன்றையும் உங்களுடையதையும் திறந்த புல்வெளியில் அருகருகே பத்து நிமிடம் வையுங்கள். மற்றது நிலைத்து நிற்க, உங்களுடையதில் சிக்னல் கோடுகள் ஒன்று இரண்டுக்கு மேல் ஏறவே இல்லை என்றால் ஆன்டெனாவோ அதன் இணைப்போ போயிருக்கிறது. வீட்டில் திறக்க வேண்டாம். திறந்தவுடன் நீர் புகாமல் காக்கும் ரப்பர் விளிம்பு கெட்டுவிடும். பழுதுக் கூலியைக் கேட்டுவிட்டுப் புதிய கருவியின் விலையோடு ஒப்பிடுங்கள்.

## அறிகுறி 4: 'தேடுகிறது' என்றே நிற்கிறது, எண் வரவில்லை

பல மாதம் அலமாரியில் கிடந்த கருவி, அல்லது விமானத்தில் வேறு நாட்டுக்கு வந்த கருவி என்றால் பொறுமைதான் முதல் மருந்து. செயற்கைக்கோள்களின் முழுப் பட்டியலை வானத்திலிருந்து மட்டுமே வாங்க 12.5 நிமிடம் ஆகும். அசைக்காமல் வெட்டவெளியில் கால் மணி நேரம் வைத்துவிடுங்கள். போனோடு இணையும் வாட்ச் என்றால் ஆட்டத்துக்கு முந்தைய இரவு ஒருமுறை இணைத்து ஒத்திசைத்தால் அந்தப் பட்டியலைப் போன் வழியாக வாங்கிக்கொள்ளும், காத்திருப்பு நொடிகளாகச் சுருங்கும்.

அப்போதும் வரவில்லையா? தேதியைப் பாருங்கள். பழைய கையடக்கக் கருவியில் தேதி ஏறக்குறைய இருபது ஆண்டு பின்னால் இருந்தால் காரணம் தெரிந்ததுதான். ஜிபிஎஸ்ஸின் வார எண்ணிக்கை 1024 வாரத்துக்கு ஒருமுறை பூச்சியத்துக்குத் திரும்பும். கடைசியாக 2019 ஏப்ரல் 6 அன்று திரும்பியது. நிறுவனம் அதற்கான மென்பொருளை வெளியிட்டிருந்தால் ஏற்றுங்கள். வெளியிடாமல் கைவிட்டிருந்தால் எந்தச் சர்வீஸ் மையமும் உதவாது, கருவியை ஓய்வெடுக்க விடுங்கள்.

தேதி சரி, வெட்டவெளி சரி, மென்பொருள் சரி, அரை மணி நேரமாகியும் ஒன்றும் இல்லை என்றால் ரீசெட். பிறகு சர்வீஸ்.

### இருப்பிடம் வருகிறது, மைதானம்தான் பட்டியலில் இல்லை

பழைய பெயரில் தேடிப் பாருங்கள். மைதானங்கள் பெயர் மாற்றிக்கொண்டே இருக்கின்றன. நினைவகம் நிறைந்திருக்கலாம், சந்தா முடிந்திருக்கலாம். வீட்டிலேயே பதிவிறக்கிக்கொண்டு வருவதுதான் வழி, டீயில் நின்று செய்கிற வேலை அல்ல இது.

## அறிகுறி 5: லேசரும் ஜிபிஎஸ்ஸும் சண்டை போடுகின்றன

பெரும்பாலும் இரண்டும் உண்மையே சொல்கின்றன. லேசர் தூரமானி கொடிக்கு உள்ள தூரத்தை அளக்கிறது, ஜிபிஎஸ் கிரீனின் நடுவுக்கு. வித்தியாசம் முன் விளிம்பு எண்ணுக்கும் பின் விளிம்பு எண்ணுக்கும் இடையில் அடங்கினால் சண்டையே இல்லை.

லேசர் எண் பின் விளிம்பையும் தாண்டிப் போனால் அது கொடியைத் தவறவிட்டுப் பின்னாலுள்ள மரத்தைப் பிடித்திருக்கிறது. கை நடுங்கும்போது இது வழக்கமாக நடப்பது. வண்டியின் தூணிலோ, பையில் நிற்கும் மட்டையின் தலையிலோ முழங்கையைச் சாய்த்து மீண்டும் எடுங்கள். மூன்று முறை எடுத்து, மூன்றில் குறைந்த எண்ணை நம்புங்கள். முன்னால் புதரோ ஆளோ குறுக்கே இல்லாதவரை அதுதான் கொடி.

மேடு பள்ளத்தால் இரண்டும் வேறுபடுகின்றன என்று ஒரு விளக்கம் சுற்றிக்கொண்டிருக்கிறது. கணக்குப் போட்டால் அது நிற்காது. 150 மீட்டர் தொலைவில் கிரீன் 10 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் சாய்ந்த கோட்டில் அளக்கும் லேசர் 150.3 என்றுதான் காட்டும். பெரிய வித்தியாசம் வந்தால் லேசரின் சரிவுக் கணக்கு ஆன் ஆகியிருக்கிறது.

முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் வெளியேதான் எண் நிற்கிறது, லேசரிலும் குறையில்லை என்றால் அறிகுறி 2க்குத் திரும்பிப் போய் வரைபடத்தைப் பாருங்கள்.

## அறிகுறி 6: பதினான்காவது ஹோலில் அணைந்துவிடுகிறது

திரை வெளிச்சத்தைக் குறைத்து, எப்போதும் எரியும் திரையை அணைத்து, போன் அறிவிப்புகளை நிறுத்திப் பாருங்கள். பாதிக் கருவிகளுக்கு அதுவே போதும். குளிர்காலத்தில் மட்டும் அணைகிறது என்றால் லித்தியம் பேட்டரியின் இயல்பு அது. கையடக்கக் கருவியை ஷாட்டுகளுக்கு இடையே சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, இரவு முழுவதும் சார்ஜில் போட்டதாக நினைத்தது உண்மையிலேயே சார்ஜ் ஏறியதா என்று பாருங்கள். வாட்சைத் திருப்பினால் பின்புறத்தில் நான்கு சிறு உலோகப் புள்ளிகள் தெரியும். வியர்வை காய்ந்து அவற்றின் மேல் ஒரு மங்கிய படலம் படிந்திருக்கும். சில வாட்சுகளில் பச்சைத் துணுக்குகூட ஒட்டியிருக்கும். பழைய பல் துலக்கும் பிரஷில் இரண்டு சொட்டு ஆல்கஹால் தொட்டு மெதுவாகத் தேய்த்து, உலர்ந்த பிறகு சார்ஜரில் வையுங்கள். சார்ஜரின் ஊசிமுனைகளுக்கும் அதே வைத்தியம். கத்தி, ஊக்கு வேண்டாம். கேபிளையும் ஒருமுறை மாற்றிப் பாருங்கள்.

எல்லாம் செய்தும் ஒரு சுற்று தாங்கவில்லை, வாங்கியும் சில ஆண்டுகள் ஆகிவிட்டன என்றால் பேட்டரி கிழமாகிவிட்டது. அதை மாற்றுவது சர்வீஸ் மையத்தின் வேலை, மாற்றிய பிறகு நீர்க்காப்பைச் சோதித்துத் தரச் சொல்லுங்கள்.

திரை ஓரம் மேலெழும்பியிருந்தாலோ பின்மூடி உப்பியிருந்தாலோ மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். சார்ஜ் போடாமல், அழுத்தாமல், வெயிலில் நிற்கும் காரில் விட்டுவைக்காமல் அன்றே சர்வீஸ் மையத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள். குப்பையில் போடவும் கூடாது.

## அறிகுறி 7: நான் அடித்த ஷாட்டின் தூரம் நம்பும்படி இல்லை

குறைவாகக் காட்டினால், அடித்த இடத்தில் 'தொடக்கம்' அழுத்தாமல் பத்தடி நடந்த பிறகு அழுத்தியிருப்பீர்கள். கூடுதலாகக் காட்டினால், பந்து உருண்ட தூரமும் அதில் சேர்ந்திருக்கிறது. காற்றில் பறந்த தூரம் மட்டும் எவ்வளவு என்று இந்தக் கருவிக்குத் தெரியாது. வளைந்த ஃபேர்வேயில் பந்துவரை வளைந்தே நடந்திருந்தாலும் கருவி இரண்டு புள்ளிகளுக்கு இடையே நேர்கோட்டைத்தான் அளக்கும்.

மூன்றும் இல்லை, ஆனாலும் 7 அயர்ன் மட்டையில் 190 யார்டு என்று காட்டுகிறது என்றால் வண்டிப் பாதையின் சிமெண்டில் பந்து குதித்திருக்கிறதா என்று கூட ஆடியவரைக் கேளுங்கள். எனக்கு ஒருமுறை அப்படித்தான் நடந்தது. நான் மாதக்கணக்கில் அந்த எண்ணை நம்பி மட்டை எடுத்துக்கொண்டிருந்தேன்.